கொழும்புக்கு இசை நகைச்சுவை நாடகம் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் மேடையேறவிருக்கும் ஆங்கில இசை நகைச்சுவை நாடகமொன்றைப் பார்ப்பதற்காக, எங்கள் ஊர் இளம் ஆசிரியைகள் ஐவர் தாங்கள் போட்ட பயணத் திட்டத்தைக் கொப்பித் தாளொன்றில் எழுதிக்கொண்டு வந்து, "இதில பிழை ஏதும் இருக்கா, சேர்?" என்று கேட்டார்கள். தாளின் கடைசி வரியில், "நாடகம் முடிய இரவு ரெயின்" என்றிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், திருகோணமலையிலிருந்து முதன்முதலாக மாணவர் குழுவொன்றை அழைத்துச் சென்றபோது நானும் அதே வரியைத்தான் எழுதியிருந்தேன். நுழைவுச்சீட்டை வீட்டில் விட்டுச் செல்வது போன்றவற்றை எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. போய் வந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

அன்றிரவே ஊர் திரும்பத் திட்டமிடுவது

இதை முதலில் சொல்கிறேன், ஏனெனில் இன்றும் இதை நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை. நாடகம் மாலை 7.30க்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதற்பாதி ஒன்றேகால் மணித்தியாலம், இடைவேளை இருபது நிமிடம், இரண்டாம் பாதி ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் என்று கணக்கிட்டால், நடிகர்கள் வணங்கி முடித்துத் திரை விழும்போதே பத்து மணி தாண்டிவிடும். நாங்கள் போன காலத்தில் திருகோணமலைக்கான இரவுப் புகையிரதம் ஒன்பது மணியை ஒட்டிக் கொழும்புக் கோட்டை நிலையத்தை விட்டுப் புறப்பட்டது. நேர அட்டவணை மாறக்கூடியது, எனவே அதை ஒவ்வொரு முறையும் விசாரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் மாலைக் காட்சியை முழுவதும் பார்த்துவிட்டு அந்த வண்டியைப் பிடிக்கலாம் என்று நம்பி எவரும் பணம் கட்டக் கூடாது.

நான் கட்டினேன். பன்னிரண்டு பேருக்கும் நுழைவுச்சீட்டு எடுத்து, புகையிரத ஆசனங்களையும் பதிவு செய்துவிட்டேன். மண்டபத்துக்குள் போன பிறகுதான் நிகழ்ச்சிக் கைந்நூலில் இரண்டு பாதிகளின் நேரத்தையும் கண்டேன். இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு வெளியே வந்து, நான்கு முச்சக்கர வண்டிகளில் கோட்டைக்கு ஓடினோம். மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் பாதை பிரியும் கல்ஓயாவில் வண்டி நின்றபோது எல்லோரும் தூங்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன். எதிர் ஆசனத்திலிருந்த மாணவி ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "சேர், அவர் ஆரெண்டு கடைசியில அவக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்னிடம் பதில் இல்லை.

பாதி நாடகம் பார்த்தால் பாதி இன்பமாவது கிடைக்கும் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். இந்த வகை நாடகத்துக்கு அது பொருந்தாது. ஆள்மாறாட்டம், ஒளித்து வைத்த கடிதம், சொல்லாமல் விட்ட காதல் என்று முடிச்சுகள் போடப்படுவது முதற்பாதியில். பெரும்பாலும் முடிச்சு மிக இறுகியிருக்கும் இடத்தில்தான் இடைவேளை விடுவார்கள். அவிழ்வதும், அதனால் சிரிப்பு எழுவதும் இரண்டாம் பாதியில். இசையும் அப்படியே கட்டப்படுகிறது: முதலில் கதாநாயகி கோபத்தோடு பாடிய மெட்டு, இறுதியில் சொற்கள் மாறி, வேகம் தணிந்து, வேறொரு பொருளோடு திரும்பி வரும். அந்த மாணவி அன்று கேட்ட மெட்டை இன்றும் முணுமுணுப்பாள். அவளுக்குத் தெரிந்தது கோபச் சொற்கள் மட்டுமே. தம்பலகாமத்தில் கோயில் வெளியில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, இடையில் எழுந்து வீட்டுக்குப் போய், தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினாலும் கதை கைவிட்டுப் போகாது, ஏனெனில் அந்தக் கதையை அறிந்தே போகிறோம். அந்தப் பழக்கத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது.

வழிகள் இரண்டு உண்டு. ஞாயிறு பிற்பகல் காட்சி இருந்தால் அதை எடுங்கள்; 3.30க்குத் தொடங்குவது ஆறரைக்கு முன் முடிந்துவிடும், இரவு வண்டிக்கும் நேரம் கிடைக்கும். மாலைக் காட்சிதான் என்றால், வெள்ளவத்தையில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கி, மறுநாள் காலை புறக்கோட்டையில் பேருந்து ஏறுங்கள். ஓர் இரவு வாடகை பாதி நாடகத்தை இழப்பதிலும் மலிவானது.

விடிய இறங்கி, ஓய்வின்றி மாலையில் போவது

இரவு வண்டியில் போனால் விடியுமுன்னரே கோட்டையில் இறங்கிவிடுவீர்கள். முழுநாளும் கடைத்தெருவில் அலைந்துவிட்டு, இருண்ட, குளிரூட்டிய மண்டபத்தில் அமர்ந்தால், வாத்தியக் குழு தொடக்க இசையை வாசிக்கும்போதே கண் சொருகிவிடும். வரப்போகும் பாடல்களின் மெட்டுகளைக் காதுக்கு அறிமுகம் செய்யும் இசை அது. மத்தியானம் இரண்டு மணித்தியாலமாவது படுத்தெழும்புங்கள்.

கதையை அறியாமல் போவது

பேச்சு வசனம் விளங்குகிறவர்களுக்கும், பதினைந்து பேர் ஆடிக்கொண்டே விரைவாகப் பாடும் ஆங்கிலப் பாட்டு விளங்காது. அது உங்கள் ஆங்கிலத்தின் குறையன்று. யார் யாருக்கு உறவு, யார் யாரிடம் எதை மறைக்கிறார் என்பதை முன்கூட்டியே வாசித்து வைத்தால், சொல் தவறினாலும் நகைச்சுவை தவறாது. முடிவை மட்டும் வாசிக்காமல் விடுங்கள்.

மண்டபத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்லாதது

லயனல் வென்ட் அரங்கும் தாமரைத் தடாக அரங்கும் கொழும்பு 7இல் ஒன்றுக்கொன்று அண்மையில் இருப்பவை. முன்னையது ஏறத்தாழ 600 பேர் அமரும் பழைய அரங்கு; 2011இல் திறக்கப்பட்ட மற்றையது அதன் இருமடங்கு பெரியது. "பெரிய தியேட்டர்" என்று மட்டும் சாரதியிடம் சொல்லாதீர்கள்.

முன்வரிசைக்கு ஆசைப்படுவது

கூட்ட நடனத்தின் அமைப்பு முன்வரிசையிலிருந்து தெரியாது. நடுவரிசை போதும்.

பிந்திப் போவது

கதவைச் சாத்திவிடுவார்கள்.

சால்வை கொண்டுபோகாதது

எங்கள் ஊர் வெயிலில் புறப்படும்போது எவருக்கும் நினைவு வருவதில்லை. பையில் முதலில் அதை வையுங்கள்.