வரலாற்று நாவலோ இளையோர் நாவலோ படித்து முடித்தபின் நம் எண்ணத்தை எழுதுவது எப்படி?

ஒரு நாவலை முடித்த சூட்டோடு அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கைக்கு முதலில் வருவது கதைச்சுருக்கம்தான். இரண்டு பக்கம் கதையைச் சொல்லிவிட்டு, கடைசியில் "அருமையான நடை, விறுவிறுப்பான ஓட்டம், அவசியம் படிக்க வேண்டிய நூல்" என்று முடித்துவிடுவோம். இதெல்லாம் புத்தகத்தின் பின்னட்டையிலேயே இருக்கிறதே! நீங்கள் எழுதியதைப் படிக்க வருகிறவர் தேடுவது உங்களை. எந்த இடத்தில் கதையை முழுசாக நம்பினீர்கள், எந்த இடத்தில் மனசு ஒட்டவில்லை, யார் மீது கோபம் வந்தது, அது பிறகு ஏன் தணிந்தது? வரலாற்று நாவல், இளையோர் நாவல் இரண்டுக்கும் இது ரொம்பவே பொருந்தும், ஏனென்றால் இரண்டுமே கொஞ்சம் தள்ளி நின்று நம்மோடு பேசுகின்றன. ஒன்று நாம் பிறக்காத காலத்திலிருந்து, மற்றது பலர் தாண்டி வந்துவிட்ட, சிலர் இப்போதுதான் தாண்டிக்கொண்டிருக்கும் வயதிலிருந்து. அந்த இடைவெளியை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள் என்பதை எழுதினால் போதும், அது உங்கள் எழுத்தாக ஆகிவிடும்.

படிக்கும்போதே கொஞ்சம் வேலை பார்த்துவைப்பது நல்லது. ஒரு பென்சில் போதும், மின்நூல் என்றால் ஹைலைட். ஆனால் அழகான வரிக்கெல்லாம் கோடு போட ஆரம்பித்தால் புத்தகம் முழுக்கக் கோடாகிவிடும், பின்னால் தேடும்போது எதுவும் கிடைக்காது. நான் கோடு போடுவது மூன்று மாதிரியான இடங்களில் மட்டும்: படிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த இடம், "இது நிஜமாகவே நடந்ததா?" என்று கேட்கத் தோன்றிய இடம், ஒரு பாத்திரத்தைப் பற்றி நான் நினைத்திருந்தது மாறிப்போன இடம். மூன்றாவதுதான் எழுதும்போது அதிகம் கைகொடுக்கும். "முதலில் இவளை இப்படி நினைத்தேன், இந்த அத்தியாயத்தில் அது மாறியது" என்று ஒருவர் எழுதினால், எதனால் மாறியது என்று சொல்லாமல் அவரால் மேலே போகவே முடியாது. காரணத்தைச் சொல்லும்போதே நாவல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதும் வந்துவிடும்.

முடித்த அன்றே, வேறு யார் எழுதியதையும் படிக்கும் முன், மனதில் இருப்பதைக் கொட்டி எழுதிவிடுங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். பிறர் எழுதிய ஒரே ஒரு நல்ல விமர்சனத்தைப் படித்துவிட்டால் போதும், அவருடைய சொற்கள் நம் மனதில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எது நம் எண்ணம், எது அவருடையது என்று பிரிப்பது பெரிய பாடு.

சரி, வரலாற்று நாவலுக்கு வருவோம். எது வரலாற்று நாவல் என்பதற்கு ஆளுக்கு ஓர் அளவுகோல் உண்டு. ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட் பெயரில் பிரிட்டனில் வரலாற்று நாவலுக்குத் தரப்படும் பரிசு, கதை நடக்கும் காலம் குறைந்தது 60 ஆண்டுகளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும் என்கிறது. 1814-இல் வந்த அவருடைய முதல் நாவலின் துணைத் தலைப்பே "அறுபது ஆண்டுகளுக்கு முன்" என்ற பொருள் தருவதுதான். எழுதுகிறவர் தன் சொந்த நினைவை மட்டும் நம்ப முடியாமல் ஆவணங்களையும் பிறர் சொன்னதையும் தேடிப் போக வேண்டிய தூரம் அது. தேடியதில் கிடைத்தது எவ்வளவு, கிடைக்காமல் அவராகவே நிரப்பியது எவ்வளவு என்று பார்ப்பதுதான் இந்த வகை நாவலைப் பற்றி எழுதுவதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நமக்கெல்லாம் தெரிந்த உதாரணம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த பொன்னியின் செல்வனில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலைதான் கதையின் நடு முடிச்சு. காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்கள் அதில் இருக்கின்றன, அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய நிலங்கள் கைப்பற்றப்பட்டதும் தெரிகிறது. ஏன் கொன்றார்கள், அன்றிரவு அறைக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் கல்லில் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் நந்தினி வந்து நிற்கிறாள், அவள் முழுக்கக் கற்பனை. வந்தியத்தேவனோ அப்படியில்லை. குந்தவையின் கணவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பெயர் வருகிறது, ஆனால் நாம் விரும்பும் அந்தத் துடுக்கும் அவசரமும் குறும்பும் கல்கி கொடுத்தவை.

இது தெரிந்ததும் நம்மில் பலர் செய்வது, "இது சரி, இது தப்பு" என்று பட்டியல் போடுவது. அங்கேயே நின்றுவிடாதீர்கள். அடுத்து ஒரு கேள்வி இருக்கிறது: ஆசிரியர் இதை ஏன் கற்பனை செய்தார், அந்தக் கற்பனை என்னை என்ன செய்தது? கொலைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பழிவாங்கும் வெறியை வைத்ததால் அரசியல் சதி உங்களுக்கு நெருக்கமாக ஆனதா, அல்லது நிலமும் அதிகாரமும் சம்பந்தப்பட்ட விஷயம் ஓர் ஆளின் மனக்காயமாகச் சுருங்கிவிட்டதாகப் பட்டதா? இரண்டில் எதையும் நீங்கள் சொல்லலாம். என்னைக் கேட்டால், நந்தினி இல்லாமல் அந்தக் கதைக்கு மூச்சே இல்லை என்பேன். வேறு மாதிரி நினைக்கிறவர் தன் காரணத்தோடு எழுதினால் அதை ஆசையாகப் படிப்பேன்.

காலத்துக்குப் பொருந்தாதவற்றைக் கவனிப்பதிலும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சோழர் காலச் சமையலறையில் மிளகாய் வந்துவிட்டது என்று கண்டுபிடிப்பது சுலபம், மிளகாய் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது என்பதை எங்கேயும் பார்த்துக்கொள்ளலாம். கஷ்டமானது பாத்திரங்களின் யோசனையைக் கவனிப்பது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண் இன்றைய கல்லூரி மாணவி மாதிரியே தன் உரிமையைப் பற்றிப் பேசினால், அது உங்களுக்கு இனித்ததா, உறுத்தியதா? அவள் காலத்துச் சொற்களால் அதே கோபத்தைக் காட்ட ஆசிரியருக்கு வழி இருந்ததா? ஒரு சாமானின் பிழையை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுங்கள். யோசனையின் பிழைக்கு ஒரு பத்தியே கொடுக்கலாம்.

ஆசிரியர் குறிப்போ பின்னுரையோ இருந்தால் நாவல் முடிந்த பிறகு மட்டும் படியுங்கள். முதலிலேயே படித்தால் எது நிஜம், எது புனைவு என்று தெரிந்துவிடும், கதையை நம்பும் சுகம் போய்விடும். முடித்தபின் படித்தால், கோடு போட்டு வைத்த "நிஜமாகவே நடந்ததா?" இடங்களுக்கு விடை கிடைக்கும். விடை நம் ஊகத்துக்கு நேர்மாறாக இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள், அந்த வியப்பு படிக்கிறவருக்கும் தொற்றும்.

இளையோர் நாவலுக்கு அணுகுமுறை வேறு. அமெரிக்க நூலகர்கள் இதை 12 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு என்று வகுத்திருக்கிறார்கள், ஆனாலும் எல்லா வயதினரும் படிக்கிறோம். பெரியவர்கள் இதைப் பற்றி எழுதும்போது சட்டென்று அப்பா அம்மா நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். "இந்தப் பையன் ஏன் வீட்டில் சொல்லவில்லை, இந்தப் பெண் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறாள், இதில் என்ன படிப்பினை?" என்று கேட்கிறார்கள். அந்த நாற்காலியிலிருந்து இறங்கினால்தான் நாவல் காதில் விழும். பதினைந்து வயதில் ஒரு நண்பன் பேசாமல் போவது உலகம் முடிந்த மாதிரிதான் இருக்கும், அந்த அளவை ஆசிரியர் பிடித்திருக்கிறாரா என்று பாருங்கள்.

இந்த வகையில் முதலில் கவனிக்க வேண்டியது குரல். பெரும்பாலும் "நான்" என்று சொல்லும் கதைசொல்லிதான். எஸ். இ. ஹின்டன் தி அவுட்சைடர்ஸ் நாவலை எழுதத் தொடங்கியது பள்ளியில் படிக்கும்போது, அது 1967-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. கதை சொல்லும் பையனுக்கு 14. நாவலின் முதல் வாக்கியமே கடைசி வாக்கியமாகத் திரும்ப வரும், நாம் படித்தது முழுக்க அவன் பள்ளிக்கு எழுதிக்கொடுக்கும் கட்டுரை என்று அப்போதுதான் தெரியும். இந்த மாதிரி ஒரு நாவலைப் பற்றி எழுதும்போது கேட்க வேண்டியது, இந்தப் பையன் தன் வயதுக்கு மீறிப் பேசுகிறானா, அவனுக்குத் தெரியாத எதையாவது நமக்குக் காட்டிவிடுகிறானா என்பதுதான். கதைசொல்லிக்குப் புரியாமல் நமக்கு மட்டும் புரிந்த ஓர் இடத்தைப் பிடித்துவிட்டால் உங்கள் கட்டுரையில் பாதி முடிந்த மாதிரி.

அப்புறம், உங்கள் வயதை மறைக்காதீர்கள். நீங்கள் 16 என்றால் 16 வயதுக்காரராகவே எழுதுங்கள், 40 என்றால் அந்த 40 வயது எங்கே உதவியது, எங்கே குறுக்கே நின்றது என்று சொல்லுங்கள். சின்ன வயதில் படித்ததையே மறுபடி படிக்கிறீர்கள் என்றால் இன்னும் நல்லது. அன்று யார் பக்கம் நின்றீர்கள், இன்று யார் பக்கம் நிற்கிறீர்கள் என்று எழுதினாலே போதும். நாவலில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது, மாறியது நீங்கள்தான். உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாத பகுதி அது.

இரண்டும் சேரும் நாவல்களும் உண்டு. லோயிஸ் லோரி 1989-இல் எழுதிய நம்பர் தி ஸ்டார்ஸ் அப்படிப்பட்டது, இன்னும் கொஞ்சம் இளையவர்களுக்கானது. நாஜிகள் பிடித்துவைத்திருந்த டென்மார்க்கில் 1943-இல் நடக்கும் கதை. அன்னமேரி என்ற சிறுமியின் வீட்டில் அவளுடைய யூதத் தோழி எல்லனைச் சொந்த மகள் மாதிரி ஒளித்து வைத்திருக்கிறார்கள். நடுராத்திரியில் சிப்பாய்கள் கதவைத் தட்டுகிறார்கள். எல்லனின் கழுத்தில், யூதர்களின் அடையாளமான தாவீதின் நட்சத்திரம் தொங்கும் சங்கிலி. கொக்கி கழலவில்லை, அன்னமேரி அதைப் பிடித்து இழுத்து அறுத்துக் கைக்குள் மூடிக்கொள்கிறாள். அவர்கள் போனபின் பார்த்தால், இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அந்த நட்சத்திரம் பதிந்திருக்கிறது.

இந்தக் காட்சியை வைத்தே ஒரு முழுக் கட்டுரை எழுதலாம். ஆக்கிரமிப்பு, இன அழிப்பு என்ற பெரிய சொற்கள் எதுவும் அங்கே இல்லை, பத்து வயதுப் பெண்ணின் கை மட்டும்தான் இருக்கிறது. அதே நாவலில் குட்டித் தங்கையின் பிறந்தநாளன்று பெரிய வெடிச் சத்தம் கேட்கும், அம்மா அவளிடம் உனக்காகத்தான் வாணவேடிக்கை என்று சொல்லியிருப்பாள். டேனிஷ் கடற்படை, எதிரி கையில் சிக்கக் கூடாது என்று தன் கப்பல்களையே தகர்த்த சத்தம் அது. 1943 ஆகஸ்டில் உண்மையாகவே நடந்தது. டென்மார்க்கின் யூதர்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படகுகளில் ஸ்வீடன் போய்ச் சேர்ந்ததும் உண்மை. குழந்தை வாணவேடிக்கை என்று நம்பியது புனைவு. வரலாறும் சின்ன வயதும் ஒரே காட்சியில் எப்படிப் பொருந்துகின்றன என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது எழுதும் வேலை. ஆசிரியர் பிறந்த ஊரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், ஒரு காட்சியிலிருந்து ஆரம்பியுங்கள். கோடு போட்ட இடங்களில் எது முதலில் நினைவுக்கு வருகிறதோ அதை நான்கைந்து வாக்கியத்தில் விவரியுங்கள், மேலே கழுத்துச் சங்கிலியைச் சொன்ன மாதிரி. கதைச்சுருக்கம் அதற்குப் பிறகு வரட்டும், மூன்று வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்: யார், எப்போது எங்கே, என்ன சிக்கல். முடிவைச் சொல்லாமல் உங்கள் எண்ணத்தைச் சொல்லவே முடியாது என்றால், அந்தப் பத்திக்கு முன்னால் ஒரு ஸ்பாய்லர் எச்சரிக்கை போட்டுவிட்டுத் தாராளமாகச் சொல்லுங்கள். முடிவைத் தொடாமல் சுற்றிச் சுற்றி எழுதுவது படிக்கிறவருக்கும் களைப்பு.

பிறகு உங்கள் கருத்து. "பிடித்தது" என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும் "எந்தப் பக்கம்?" என்று உங்களையே கேளுங்கள். பக்கம் காட்ட முடியவில்லை என்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். மேற்கோள் ஒன்றிரண்டு போதும், அதுவும் சின்னதாக. மேற்கோள் போட்டால் அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசுங்கள், வெறுமனே ஒட்டிவிட்டுப் போகாதீர்கள். பிடிக்காததைச் சொல்லத் தயங்கவும் வேண்டாம். நடுவில் நூறு பக்கம் போர் வர்ணனை இழுத்தது என்றால் இழுத்தது என்றே எழுதலாம், எந்த அத்தியாயத்திலிருந்து எதுவரை என்று சொன்னால் ஆசிரியரின் ரசிகர்கள்கூட யோசித்துப் பார்ப்பார்கள்.

எழுதி முடித்ததும், அன்றே கொட்டி எழுதினீர்களே, அந்தக் காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அதில் இருந்த ஏதாவது இந்தக் கட்டுரையில் காணாமல் போயிருந்தால், குறிப்பாக ஒரு சின்னக் கோபமோ சொல்லக் கூச்சப்பட்ட ஓர் அழுகையோ விட்டுப்போயிருந்தால், அதைத் திரும்பச் சேர்த்துவிட்டு வெளியிடுங்கள்.