மழை வந்தால் டிரிப்

சிங்கப்பூரின் துவாஸில் கப்பல் பட்டறை வேலை. மழை தூறினாலே டெக்கில் இருந்த நீல நிற 16 ஆம்பியர் சாக்கெட் லைன் டிரிப் ஆகிவிடும், அதாவது பாதுகாப்பு சுவிட்ச் தானாக விழுந்து மின்சாரம் நின்றுவிடும். மின்சாரத்தை அணைத்து, சுவிட்சைப் பூட்டிவிட்டு, சாக்கெட்டைத் திறந்தேன். எர்த் துளைக்குள் பச்சைக் களிம்பு, ஓரமெல்லாம் உப்புப் பொருக்கு. தூசியும் நீரும் புகாமல் காக்கும் தர எண்ணில் அது ஐபி44, தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவுதான். ஐபி67 மாட்டினேன். 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்பது கணக்கு.

மறுவாரமே மறுபடி டிரிப்! போய்ப் பார்த்தால், பிளக்கைச் செருகியவர் வளையத்தைத் திருகி இறுக்கவே இல்லை. இறுக்காவிட்டால் 67 வெறும் எண். அப்புறம் இன்னொன்று: கேபிள் நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கும் கிளாண்ட், கேபிளின் பருமனுக்குப் பெரியது. அது நான் போட்டதுதான், சரி. அளவான கிளாண்டை மாற்றி, வழியும் நீர் கீழேயே சொட்டிவிடும்படி கேபிளைத் தொங்கலாக வளைத்துக் கட்டினேன். டிசம்பர் அடைமழையிலும் லைன் டிரிப் ஆகவில்லை.