சின்ன டிரஸ்ட்டுக்கு சி.எஸ்.ஆர். நிதி கேட்பது எப்படி?

தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில் மாலைநேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு சின்ன டிரஸ்ட்டில் நிதி விண்ணப்பம் எழுதுவது என் வேலை. புதிதாக டிரஸ்ட் ஆரம்பித்தவர்கள் பலரும் முதலில் கேட்பது வெளிநாட்டுப் பணம் பற்றித்தான். அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எப்.சி.ஆர்.ஏ. பதிவு கேட்க டிரஸ்ட்டுக்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாயாவது சேவைக்குச் செலவாகியிருக்க வேண்டும். கம்பெனிகள் தரும் சி.எஸ்.ஆர். நிதிக்கும் மூன்று வருடச் சேவை அனுபவம் வேண்டும், ஆனால் அந்த 15 லட்சக் கணக்கு இல்லை. அதனால் முதலில் பக்கத்துத் தொழிற்பேட்டையைப் பாருங்கள்.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவைப் படித்துவிடுங்கள். முந்தைய வருடத்தில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி தன் மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். இதுதான் சி.எஸ்.ஆர். அந்த 5 கோடிதான் நமக்கு முக்கியம். ஓசூர் சிப்காட்டில் பெயரே கேள்விப்படாத உதிரிபாகக் கம்பெனிகூட அதற்குள் வந்துவிடலாம். கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. செலவழிக்க வேண்டிய தொகை 50 லட்சத்தைத் தாண்டாவிட்டால் தனி சி.எஸ்.ஆர். கமிட்டி கட்டாயமில்லை, இயக்குநர் குழுவே முடிவெடுத்துவிடலாம். இந்த மாதிரி இடங்களில் தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்பிக் காத்திருப்பதைவிட, பேக்டரியின் எச்.ஆர். மேனேஜரை நேரில் பார்ப்பது மேல். எந்தக் கம்பெனி எந்தத் துறைக்குக் கொடுத்திருக்கிறது என்பதை மத்திய அரசின் தேசிய சி.எஸ்.ஆர். தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். மரம் நடுவதற்கு மட்டுமே கொடுக்கிறவர்களிடம் போய்ப் பாடப்புத்தகம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

காகிதங்களில் டிரஸ்ட் டீடு, பான், 12ஏ (டிரஸ்ட்டுக்கான வருமான வரி விலக்குப் பதிவு), 80ஜி (நன்கொடை தருபவருக்கான வரிச் சலுகைப் பதிவு), மூன்று வருட ஆடிட் ரிப்போர்ட், தர்பன் எண் (நிதி ஆயோக்கின் தொண்டு நிறுவனத் தளத்தில் பதிந்து வாங்குவது) எல்லாம் ஒரே பைலில் இருக்கட்டும். 2021 ஏப்ரலிலிருந்து மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் வாங்கும் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண் இல்லாத டிரஸ்ட் மூலமாகக் கம்பெனி வேலை செய்ய முடியாது. உங்கள் ஆடிட்டரிடம் சொன்னால் போட்டுக் கொடுப்பார். 12ஏ, 80ஜி தற்காலிகப் பதிவு மூன்று வருடத்துக்குத்தான். ப்ராஜெக்ட் நடுவில் அது காலாவதியாகுமா என்று கம்பெனிக்காரர்கள் பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்த்துவிடுங்கள்.

இனி ப்ரொபோசல். 'கல்வியே சமுதாயத்தின் கண்' என்று ஆரம்பிக்காதீர்கள், அதை அவர்கள் ஆயிரம் முறை படித்திருப்பார்கள். உங்கள் ஊரில் மட்டும் இருக்கும் சிக்கலை எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுத் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கிறார்கள். ராகி விளையும் காலத்தில் யானை இறங்கும், அதனால் இருட்டுவதற்குள் மையத்தை மூடியாக வேண்டும். இந்த இரண்டையும் எழுதினாலே மையம் ஏன் ஊருக்குள் இருக்க வேண்டும், டீச்சர் ஏன் அதே ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்பது புரிந்துவிடும்.

பலரும் கோட்டைவிடுவது பட்ஜெட்டில். 'சிற்றுண்டி: ரூ. 5,28,000' என்று போட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். நான் இப்படி எழுதுவேன்: சுண்டல், 30 பிள்ளைகள் × 8 ரூபாய் × 22 நாள் × 10 மாதம் × 10 மையம். கூடவே மளிகைக் கடை கொட்டேஷன், வேகவைத்துத் தரும் மகளிர் குழுவுக்கு எவ்வளவு என்ற கணக்கு. இப்படிக் காட்டினால் தொகையைக் குறைக்கச் சொல்பவர்கள்கூட 'பத்து மையத்துக்குப் பதிலா எட்டு வச்சுக்கலாமா?' என்றுதான் கேட்பார்கள். அடி மாட்டு விலைக்கு இறங்க வேண்டியதில்லை.

கணக்குப் பார்ப்பவரின் சம்பளத்தையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். 'நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது, சட்டம்' என்று ஒரு கம்பெனியில் என்னிடம் அடித்துச் சொன்னார்கள். அந்த வரம்பு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். வேலைகளைப் பொதுவாக நிர்வகிக்க ஆகும் செலவுக்கு. டிரஸ்ட்டின் ப்ராஜெக்ட் செலவுக்கு அல்ல. விதியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் காட்டுங்கள். கம்பெனி தானாகவே ஒரு வரம்பு வைத்திருந்தால் அது வேறு விஷயம், பேசித்தான் தீர்க்க வேண்டும்.

கேட்க நல்ல நேரம் புது நிதியாண்டுக்குத் திட்டம் போடும் சமயம், அதாவது மார்ச், ஏப்ரலை ஒட்டி. ஆனால் பிப்ரவரியிலும் திடீரென்று போன் வரும்: 'மார்ச் 31க்குள்ள செலவு பண்ணி பில் தர முடியுமா?' பெஞ்ச், தண்ணீர் பில்டர், சோலார் விளக்கு என்று விலையோடு ஒரு பக்கப் பட்டியல் எப்போதும் தயாராக இருக்கட்டும். அந்த அவசரப் பணத்தை நம்பி ஆளை மட்டும் வேலைக்கு எடுக்காதீர்கள். ஜூனில் சம்பளம் யார் தருவது?

எல்லாம் ஒத்துவந்தால் மையத்தைப் பார்க்க வருவார்கள். பொன்னாடை வேண்டாம், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாட வைக்கவும் வேண்டாம். வழக்கமான வகுப்பு நடக்கட்டும். வருகைப் பதிவேடும் பில் பைலும் மேஜைமேல் இருக்கட்டும், அவர்கள் கை முதலில் போவது அங்கேதான்.