கடவுச்சொல் சரிதான், ஆனாலும் 45 நொடி கருந்திரை

பெங்களூரில் மழை பிடித்தால் கரண்ட் போகும். ஒவ்வொரு முறையும் டெஸ்க்டாப் எழ ஒரு நிமிடத்துக்கு மேல். டிஸ்க் முழுக்க லக்ஸ்1 (லினக்ஸின் டிஸ்க் குறியாக்க முறை) பூட்டு, பூட் பகுதி உட்பட. லினக்ஸை எழுப்பும் பூட்லோடரான கிரப்பில் கடவுச்சொல் தட்டியதும் 45 நொடி கருந்திரை.

மூன்று நாள் வீண். எந்த சர்வீஸ் எழ எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் கட்டளை சொன்ன சர்வீஸ்களை நிறுத்தினேன், சாட்டா கேபிளையும் மாற்றினேன். லினக்ஸின் மையமான கெர்னல் எழும் முன் நடப்பது பிளேம் கணக்கில் வராதே!

துப்பு கொடுத்தது, கண்ணிமைக்கும் நேரம் வந்துபோன ஒரு வரி: 'ஸ்லாட் 1 ஓபன்ட்'. ஸ்லாட் என்பது பூட்டைத் திறக்கும் ஒரு சாவிக்கான இடம்; என் கடவுச்சொல் இருந்தது 1-இல். ஸ்லாட் 0-இல் இருந்தது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கான (கெர்னலோடு முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) கீஃபைல், அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலான சாவிக் கோப்பு. கிரப் வரிசையாகத்தான் முயலும். 0-க்கு முழுக் கணக்கும் போட்டுத் தோற்றபின்தான் 1. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும் சுற்றுகளின் எண்ணிக்கையோ, லினக்ஸின் வேகத்தில் 2 நொடிக்கு அளந்து வைத்தது. கிரப்புக்கு அந்த வேகம் கிடையாது.

முதலில் லக்ஸ்ஹெட்டர்பேக்கப் (ஸ்லாட்கள் உள்ள தலைப்பகுதியின் நகல்), பென்டிரைவில். அதே கீஃபைலை ஸ்லாட் 2-இல் சேர்த்துவிட்டு, 0-ஐ லக்ஸ்கில்ஸ்லாட்டால் அழித்தேன். பிறகு சாவி சேர்க்கும் லக்ஸ்ஆட்கீயில் கீ-ஸ்லாட் 0, இட்டர்-டைம் 500 (2 நொடிக்குப் பதில் அரை நொடி) கொடுத்துக் கடவுச்சொல்லைப் போட்டேன். கீஃபைல் மாறாததால் இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் தொட வேண்டியிருக்கவில்லை. சுற்று குறைந்தால் பூட்டும் தளரும், அதனால் புதிய கடவுச்சொல் நீளமானது. பழைய ஸ்லாட் 1-ஐ ஒருமுறை பூட் ஆன பிறகே அழித்தேன்.

இப்போது 6 நொடி.