தாத்தா போரில் என்ன செய்தார்? ஜெர்மன் காப்பகங்களில் தேடும் வழி

ஜெர்மன் வீடுகளில் இரண்டாம் உலகப்போர்க் கதை பெரும்பாலும் ரஷ்யப் பனியில் தொடங்கி அமெரிக்கச் சிறை முகாமில் முடியும். அதற்கு முந்தைய வருடங்களைப் பற்றிக் கேட்டால், "நாஜி கட்சியில் சேரவில்லை, எல்லோரையும் போலத்தான் இருந்தார்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அது மெய்தானா என்று பார்க்க ஆவணங்கள் இருக்கின்றன, கேட்டால் கொடுக்கிறார்கள். ஆனால் வந்த தாளை வாசிக்கத் தெரியாவிட்டால் பழைய கதையே புது முத்திரையோடு வீடு திரும்பும்.

முதலில் வேண்டியவை முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர். தேதி இல்லாமல் கேட்காதீர்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். அடுத்து, 1945 முதல் 1948 வரை அவர் எங்கே குடியிருந்தார் என்று கண்டுபிடியுங்கள். போரில் வென்ற நாடுகள் ஜெர்மனியை மண்டலங்களாகப் பிரித்து ஆண்ட காலம் அது; எந்த நாட்டின் ஆக்கிரமிப்பு மண்டலம் என்பதைப் பொறுத்தே எந்தக் காப்பகம் என்பது தீர்மானமாகும். வீட்டில் போர்முனைக் கடிதங்கள் இருந்தால் உறையில் உள்ள ஐந்து இலக்க அஞ்சல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். படைப்பிரிவை அந்த எண்ணை வைத்தே அடையாளம் காணலாம்.

பிறகு மூன்று விண்ணப்பங்கள். மூன்றையும் ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம்.

ஒன்று, பெர்லின் லிக்டர்ஃபெல்டேயில் உள்ள பன்டஸ்ஆர்கிவ் என்ற ஜெர்மன் மத்திய அரசுக் காப்பகத்துக்கு, நாஜி கட்சி உறுப்பினர் அட்டை கேட்டு. கட்சி இந்த அட்டைகளை 1945 ஏப்ரலில் மியூனிக் அருகே ஃப்ரைமான் காகித ஆலைக்கு அரைக்க அனுப்பியது. ஆலைக்காரர் அரைக்கவில்லை. அமெரிக்கர்கள் அவற்றைக் கைப்பற்றி, பெர்லினில் ஒரு மையம் அமைத்து, 1994 வரை தங்கள் பொறுப்பிலேயே வைத்திருந்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் மிஞ்சின, ஆனால் எல்லாம் மிஞ்சவில்லை. எனவே "அட்டை கிடைக்கவில்லை" என்ற பதிலை "உறுப்பினர் அல்ல" என்று படிக்கக் கூடாது.

அட்டை கிடைத்தால் தேதிகளைப் பாருங்கள். விண்ணப்பித்த நாளும் சேர்ந்த நாளும் வேறு வேறு. 1933 மே மாதத்தில் கட்சி கதவை அடைத்தது. 1937-இல்தான் பெரிய அளவில் திறந்தது. அப்போது சேர்ந்த ஏராளமானோருக்கு 1937 மே 1 என்ற ஒரே தேதியைப் போட்டார்கள். பிழைப்புக்காக மொய்த்த கூட்டமா, அதற்கு முன்பே கொள்கைக்காகப் போனவரா என்பதற்கு இது முதல் துப்பு, தீர்ப்பு அல்ல. நாஜிகளின் தொழிலாளர் அமைப்பான தொழிலாளர் முன்னணியின் உறுப்பினர் என்று மட்டும் இருந்தால் அதிலிருந்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. வேலைக்குப் போன பெரும்பாலோரும் அதில் இருந்தார்கள்.

இரண்டாவது விண்ணப்பம் படைவீரர் பதிவுக்கு. முன்பு வாஸ்ட் என்று அழைக்கப்பட்ட அலுவலகம் 2019 முதல் பன்டஸ்ஆர்கிவின் ஒரு பிரிவு. எந்தப் பிரிவில் இருந்தார், எப்போது காயம், எங்கே சிறை என்பன இங்கே வரும். அந்தப் பிரிவின் போர் நாட்குறிப்பை ஃப்ரைபுர்க் இராணுவக் காப்பகத்தில் தேடலாம். தரைப்படைக் கோப்புகளில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் எரிந்துபோனதால் இடைவெளிகள் நிறைய இருக்கும்.

மூன்றாவதுதான் கனமானது: ஷ்ப்ரூக்காமர் என்ற நாஜி நீக்க விசாரணை மன்றத்தின் கோப்பு. அமெரிக்க மண்டலத்தில் 1946 மார்ச் சட்டப்படி 18 வயது கடந்த ஒவ்வொருவரும் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. ஹெஸ்ஸன் கோப்புகள் வீஸ்பாடனிலும், வடக்கு வூர்ட்டம்பெர்க் கோப்புகள் லுட்விக்ஸ்புர்கிலும், பவேரியாவுடையவை அந்தந்த வட்டாரத்து மாநிலக் காப்பகத்திலும் உள்ளன. 1919-க்குப் பிறகு பிறந்தவர் என்றால் 1946-இன் இளைஞர் பொதுமன்னிப்பு காரணமாகக் கோப்பு மெலிந்திருக்கும்.

மன்றம் ஐந்து வகையாகப் பிரித்தது: முதன்மைக் குற்றவாளி, குற்றம் சுமந்தவர், குறைவாகச் சுமந்தவர், மிட்லாய்ஃபர், விடுவிக்கப்பட்டவர். மிட்லாய்ஃபர் என்றால் கூட்டத்தோடு கோவிந்தா போட்டவர். குடும்பங்கள் இந்தச் சொல்லைக் கண்டதும் நிம்மதியாகக் கோப்பை மூடிவிடுகின்றன. அங்கேதான் தவறு நடக்கிறது. தீர்ப்பின் தேதியைப் பாருங்கள். எளிய வழக்குகளை முதலில் முடித்து, கடுமையானவற்றைத் தள்ளிப்போட்டார்கள். 1948-இல் பனிப்போர் முற்றியதும் அமெரிக்கர்களுக்கே இந்த வேலையில் அக்கறை குறைந்தது, எஞ்சிய வழக்குகள் விறுவிறுவென்று தளர்ந்த விதிகளில் முடிந்தன. 1946-இல் மிட்லாய்ஃபர் ஆனவரும் 1948-இல் ஆனவரும் ஒன்றல்ல. குற்றப்பத்திரிகை எந்த வகையைக் கேட்டது, தீர்ப்பு எந்த வகையில் நின்றது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் கோப்பின் நடுப்பகுதியை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

அந்த நடுப்பகுதியில் பாதிரியார், அண்டைவீட்டார், சக ஊழியர் கொடுத்த நற்சான்றுகள் அடுக்கடுக்காக இருக்கும். பெர்சில் என்ற சலவைத்தூளின் பெயரால் மக்கள் இவற்றைப் பெர்சில்ஷைன் என்றார்கள். கறை போக்கும் சீட்டு. "நல்ல மனிதர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர்" என்பதெல்லாம் பூசி மெழுகல். ஊர், நாள், ஆள் என்று எதையாவது குறிப்பாகச் சொல்லும் சான்றுக்கே மதிப்பு. எழுதியவரே தன் வழக்குக்காக மன்றத்தின் முன் நின்றவரா என்றும் பாருங்கள். ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுப்பது வழக்கமாக இருந்தது.

குடும்பத்துக்குப் பண்ணையோ பட்டறையோ இருந்திருந்தால், அங்கே வெளிநாட்டவரைக் கட்டாய வேலை வாங்கியிருக்கலாம். நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் பாட் ஆரோல்சன் காப்பகத்தின் இணையத் தொகுப்பில் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். போர் முடிந்ததும் நேச நாடுகளின் ஆணைப்படி ஊர்தோறும் எடுத்த வெளிநாட்டவர் பட்டியல்கள் அங்கே உண்டு. "நம் பண்ணையில் வேலை செய்த போலந்துப் பையன்" என்று கதையில் வந்தவருக்கு அங்கே பெயரும் பிறந்த தேதியும் இருக்கக்கூடும். தாத்தாவை மட்டும் தேடிவிட்டு இவரை விட்டுவிடுவது சரியல்ல.

பெரியவர்கள் யாராவது உயிரோடு இருந்தால், "அவர் நாஜியா?" என்று தொடங்காதீர்கள், பேச்சு அடைத்துக்கொள்ளும். "அமெரிக்கர்கள் வந்த நாள் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். என்ன சொல்லில் சொல்கிறார்கள் என்று அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். 1945-இன் முடிவைச் "சரிவு" என்பது தோற்றவர்களின் பழைய சொல். "விடுதலை" என்பது மேற்கு ஜெர்மனியில் பரவலாக ஏற்கப்பட்டது பின்னால்தான். 1985 மே 8 அன்று குடியரசுத் தலைவர் வைட்செக்கர் நாடாளுமன்றத்தில் அதைச் சொன்னது ஒரு திருப்பம். அமெரிக்கரைப் பற்றிய நினைவும் காலத்தோடு புரண்டது: படிவம் நீட்டிய வெற்றியாளர், 1948-இல் சோவியத் முற்றுகையிட்ட பெர்லினுக்கு விமானத்தில் நிலக்கரி கொண்டுவந்தவர், வியட்நாமில் குண்டு வீசியவர். கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர்களுக்கு அரசு சொல்லிக்கொடுத்தது குண்டுவீசி டிரெஸ்டன் நகரை எரித்த அமெரிக்கரைத்தான். ஆகவே ஒவ்வொரு நினைவுக்கும் பக்கத்தில், சொல்பவர் எங்கே, எந்த வருடங்களில் வளர்ந்தார் என்று குறியுங்கள். வெற்றியாளரின் அநீதி பற்றிய புலம்பலே மிகுந்திருந்தால், ஷ்ப்ரூக்காமர் கோப்பை இன்னொரு முறை எடுத்துப் படியுங்கள்.

தனிநபர் கோப்புகளைப் பன்டஸ்ஆர்கிவ் பொதுவாக அவர் இறந்து 10 வருடங்கள் கழித்தே திறக்கும். இறந்த நாள் தெரியாவிட்டால் பிறந்து 100 வருடங்கள். இறப்புச் சான்றிதழின் நகலை விண்ணப்பத்தோடேயே இணைத்துவிட்டால் ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சம். வரும் ஒவ்வொரு நகலின் பின்னாலும் கோப்பு எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். அது இல்லாத தாளை அடுத்து வருபவர் சரிபார்க்க முடியாது.