விகேம்-1 பூசிய தட்டில் செல் ஒட்டுதல் சோதனை

அழற்சி தொடங்கிய இடத்தில் டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-1 ஆகிய அழற்சித் தூண்டிப் புரதங்கள் பட்டதும் இரத்தநாள உட்சுவர்ச் செல்கள் விகேம்-1 புரதத்தை மேற்பரப்புக்குக் கொண்டுவருகின்றன. வெள்ளையணுக்கள் தம்மிடமுள்ள விஎல்ஏ-4 என்ற இன்டெக்ரினால் (செல்லின் மேற்பரப்பிலுள்ள பிடிப்புப் புரதம்) அதைப் பற்றிக்கொள்கின்றன. அந்தப் பிடியை மட்டும் தனியே எடுத்து அளக்க, மறுசேர்க்கை முறையில் தயாரித்த மனித விகேம்-1 எஃப்சி புரதத்தை (ஆன்டிபாடியின் வால்பகுதியான எஃப்சியோடு இணைத்த விகேம்-1) தட்டில் பூசி, அதன்மேல் ஜுர்காட் என்ற மனித டி-செல் வகையை விடுவதே எளிய வழி. சோதனை பிசகும்போது பலரும் முதலில் புரதத்தைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் கோளாறு பஃபரிலோ (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசல்) கழுவுவதிலோதான் இருக்கும்.

வாங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள்: பிஎஸ்ஏ (மாட்டுச் சீரத்தின் ஆல்புமின் புரதம்) கலக்காத புரதமாக இருக்கட்டும். பாதுகாப்புக்காகப் பிஎஸ்ஏ சேர்த்த குப்பிகளில் வழக்கமாக ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு 50 மைக்ரோகிராம் பிஎஸ்ஏ இருக்கும். தட்டில் இடம்பிடிக்க இரண்டும் போட்டியிடும், எண்ணிக்கையில் மிகுந்த பிஎஸ்ஏதான் வெல்லும். செல் வளர்ப்பு ஊடகத்தில் கலக்க அந்த வகை போதும், பூச்சுக்கு ஆகாது.

உறையவைத்து உலர்த்திய 50 மைக்ரோகிராம் குப்பியைத் திறப்பதற்குமுன் மையவிலக்கியில் சிறிது நேரம் சுழற்றுங்கள்; மூடியில் ஒட்டிய தூள் கீழே இறங்கும். 250 மைக்ரோலிட்டர் கிருமிநீக்கிய பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புக்கரைசல்) விட்டு, 20 நிமிடம் அறைவெப்பத்தில் வைத்து, மெல்லச் சாய்த்துக் கரையுங்கள். வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவி வேண்டாம், நுரை வந்தால் புரதம் கெடும். இப்போது செறிவு மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம். புரதம் குறைவாக ஒட்டும் குழாய்களில் 25 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து மைனஸ் 70 டிகிரியில் வையுங்கள். ஒருமுறை உருகிய குழாயை மீண்டும் உறையவைக்காதீர்கள். ஒரு குழாயில் 5 மைக்ரோகிராம் இருக்கும். அதை 1.67 மில்லிலிட்டர் பிபிஎஸ்ஸில் கலந்தால் மில்லிலிட்டருக்கு 3 மைக்ரோகிராம். குழிக்கு 50 மைக்ரோலிட்டர் வீதம் முப்பது குழிகளுக்குத் தாராளமாக வரும்.

தட்டு தட்டையான அடியுள்ள, புரதத்தை அதிகம் பிடிக்கும் 96 குழி பாலிஸ்டைரீன் வகையாக இருக்கட்டும். 4 டிகிரியில் இரவு முழுவதும் பூசுங்கள், மேலே ஒட்டுத்தாள் போடுங்கள். முதல் தடவை மில்லிலிட்டருக்கு 0.3, 1, 3, 10 மைக்ரோகிராம் என்று படிப்படியாகப் பூசிப் பாருங்கள். ஒட்டுதலைத் தடுக்கும் மருந்தைச் சோதிப்பதானால் ஒட்டுதல் பாதி உச்சத்தில் நிற்கும் செறிவே நல்லது. உச்சத்தில் வைத்துச் சோதித்தால் மிதமான தடுப்பான் வேலை செய்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

பூச்சைக் கொட்டிவிட்டு, 85 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி ஆறவைத்த 1 சதவீத பிஎஸ்ஏவால் ஒருமணி நேரம் தடுப்புப்பூச்சு கொடுங்கள்; விகேம்-1 படாத வெற்றிடங்களை அது மூடும். கன்றுச் சீரம் இந்த இடத்தில் வரவே கூடாது. சீரத்தில் ஃபைப்ரோனெக்டின் என்ற ஒட்டுப் புரதம் இருக்கிறது. அதன் சிஎஸ்-1 பகுதியையும் விஎல்ஏ-4 பிடிக்கும். விகேம்-1 இல்லாத குழியிலும் செல் ஒட்டுவது ஏன் என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பஃபருக்கு வருவோம். 20 மில்லிமோலார் ஹெப்பீஸ், 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, லிட்டருக்கு 2 கிராம் குளுக்கோஸ், பிஹெச் 7.4. இன்டெக்ரின் பிடிக்கத் தேவையான இரட்டை மின்னேற்ற உலோக அயனி எதுவும் இதில் இல்லை, அதை நாம்தான் சேர்க்கிறோம். ஒரு பங்கில் கால்சியமும் மெக்னீசியமும் தலா 1 மில்லிமோலார்: செல்லின் இயல்பு நிலை. இன்னொரு பங்கில் மாங்கனீஸ் குளோரைடு 1 மில்லிமோலார்: இன்டெக்ரின் முழுவேகத்தில் பிடிக்கும் நிலை. மூன்றாவதில் அயனிகளோடு, அவற்றைக் கவர்ந்துகொள்ளும் இடிடிஏ 5 மில்லிமோலார்: பிடி விட்டுப்போக வேண்டிய நிலை. மாங்கனீஸைப் பிபிஎஸ்ஸில் போட்டால் பாஸ்பேட்டோடு சேர்ந்து வீழ்படிவாகிவிடும். கரைசல் லேசாகக் கலங்கியதைக் கவனிக்காமல் விட்டால் மாங்கனீஸ் சேர்த்தும் பயனில்லை என்ற தவறான முடிவுக்கு வருவீர்கள்.

ஜுர்காட் செல்கள் வேகமாகப் பெருகும் கட்டத்தில், 95 சதவீதத்துக்கு மேல் உயிரோடு இருக்க வேண்டும். சீரமில்லாத ஊடகத்தில் 2 மைக்ரோமோலார் கால்சீன் ஏஎம் (செல்லுக்குள் உடைந்து ஒளிரும் சாயம்) சேர்த்து 37 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். சீரத்திலுள்ள எஸ்டரேஸ் நொதிகள் சாயத்தைச் செல்லுக்கு வெளியிலேயே உடைத்துவிடும் என்பதால்தான் இங்கும் சீரம் கூடாது. 250 ஜியில் (புவியீர்ப்பைப்போல் 250 மடங்கு விசையில்) ஐந்து நிமிடம் சுழற்றி, அந்த அயனிகள் சேர்க்காத பஃபரில் இருமுறை கழுவுங்கள். பிறகு அந்தந்தப் பஃபரில் கலந்து, குழிக்கு 50,000 செல் வருமாறு 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, கழுவுவதற்குமுன் ஒருமுறை தட்டின் அடிப்பக்கமிருந்து ஒளிர்வை அளந்துவிடுங்கள், 485 நானோமீட்டரில் தூண்டி 520-இல். அதுதான் நூறு சதவீதம்.

கழுவும் கட்டத்தில்தான் ஆளுக்கொரு முடிவு வரும். பிப்பெட்டால் உறிஞ்சினால் முனை போகும் இடத்தில் செல் பெயரும், மூன்று நகல் குழிகளும் மூன்று விதமாகச் சொல்லும். பிப்பெட்டைத் தவிர்க்கலாம். அதே பஃபரைக் குழி விளிம்புவரை மெல்ல நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் தாள் ஒட்டி, தட்டைத் தலைகீழாக 30 நிமிடம் வையுங்கள். ஒட்டாத செல்கள் தம் எடையால் கீழிறங்கும். தலைகீழாக இருக்கும்போதே தாளை உரியுங்கள். மேற்பரப்பு இழுவிசையால் திரவம் குழியிலேயே நிற்கும், ஒரே உதறலில் கொட்டுங்கள். நிமிர்த்திவிட்டு உரித்தால் விழுந்த செல்களெல்லாம் திரும்ப அடியில் வந்து உட்காரும். பிறகு 100 மைக்ரோலிட்டர் பஃபர் விட்டு மறுபடி அளந்து, செல்லில்லாத குழியின் அளவை இரண்டிலும் கழித்து வகுத்தால் ஒட்டிய சதவீதம்.

செல்லை உடைத்து அளப்பவர்கள் 1 சதவீத ட்ரைட்டான் என்ற சலவைப்பொருளோடு இடிடிஏவும் சேர்க்க வேண்டும். மாங்கனீஸ் கால்சீனின் ஒளிர்வை மங்கச் செய்யும். அப்படி அளக்கும்போது நூறு சதவீதக் குழிகளையும் அதே கரைசலில் உடைத்தே ஒப்பிட வேண்டும்.

ஒப்பீட்டுக் குழிகளில் பிஎஸ்ஏ மட்டும் பூசியது, அதே செறிவில் மனித ஐஜிஜி-1 (ஓர் ஆன்டிபாடி வகை) எஃப்சி மட்டும் பூசியது, இடிடிஏ சேர்த்தது, விஎல்ஏ-4ஐத் தடுக்கும் ஆன்டிபாடி சேர்த்தது ஆகிய நான்கும் கட்டாயம். இடிடிஏ குழியிலும் ஒட்டுதல் மிஞ்சினால் அது இன்டெக்ரின் பிடி அல்ல. இறந்த செல்களோ சரியாகத் தடுக்கப்படாத பிளாஸ்டிக்கோ காரணம். எஃப்சி மட்டும் உள்ள குழியில் செல் நின்றால் செல்லின் எஃப்சி ஏற்பிகள்தான் பிடித்திருக்கின்றன. ஜுர்காட்டில் இந்தத் தொல்லை குறைவு. டிஎச்பி-1, மோனோசைட் போன்ற எஃப்சி ஏற்பி மிகுந்த வெள்ளையணு வகைகளுக்குப் போனால் எஃப்சி ஏற்பியை முன்கூட்டியே தடுத்தாக வேண்டும், அல்லது எஃப்சி இல்லாமல் ஹிஸ்டிடின் வால் கொண்ட விகேம்-1 வாங்க வேண்டும்.

புரதம் நேராக நிற்க, முதலில் மனித எஃப்சியைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் பூசி அதன்மேல் விகேம்-1 விடும் முறையும் உண்டு. குறைந்த அளவே போதும். ஆனால் அந்தத் தட்டில் தடுப்பானாக நட்டலிசுமாபை (விஎல்ஏ-4ஐத் தடுக்கும் ஆன்டிபாடி மருந்து) பயன்படுத்தாதீர்கள். அதன் உடலும் மனித ஐஜிஜி-4 என்பதால், காலியாக மிஞ்சிய பிடிப்பு ஆன்டிபாடி அதைத் தட்டோடு கட்டிவைக்கும், செல்லும் அதன் வழியே ஒட்டிக்கொள்ளும். விஎல்ஏ-4ஐத் தடுக்கும் சுண்டெலி ஆன்டிபாடியான எச்பி2/1 அங்கே பொருத்தம், பிடிப்பு ஆன்டிபாடி சுண்டெலி ஐஜிஜியைத் தொடாத வகையாக இருந்தால்.