போனில் நெட் இருக்கு, லேப்டாப்பில் இல்லை

பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே டூரிஸ்ட் சிம் வாங்கிப் போட்டுவிட்டேன். போனில் நெட் பறந்தது. ராத்திரி ஓட்டல் வைஃபை படுத்துக்கொள்ள, ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணைத்தேன். இணைந்தது, ஆனால் ‘நோ இன்டர்நெட்’. விடிவதற்குள் ஒரு கோப்பை அனுப்பியாக வேண்டும்.

யூஎஸ்பி கேபிளில் மாட்டிப் பார்த்தும் அதே கதை. அப்போதுதான் கோளாறு ஹாட்ஸ்பாட்டில் இல்லை, சிம் செட்டிங்கில் என்று உறைத்தது. ஆண்ட்ராய்டில் மொபைல் நெட்வொர்க் போய், ஏபிஎன் பக்கத்தை, அதாவது சிம் எந்த வழியாக நெட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் செட்டிங்கைத் திறந்தேன். ‘ஏபிஎன் டைப்’ வரியில் ‘டிஃபால்ட்’, ‘எஸ்யூபிஎல்’ இரண்டும்தான் இருந்தன. கடைசியில் ஒரு கமா, இடைவெளி விடாமல் டி-யூ-என் (dun) என்ற மூன்று எழுத்து, எல்லாம் சின்ன எழுத்தில் சேர்த்தேன். டயல்-அப் காலத்துச் சுருக்கம் அது. போன் நெட்டை லேப்டாப்புக்குப் பகிர்ந்து கொடுக்கும் தெதரிங்குக்கு இன்றைக்கும் அதுதான் அடையாளம். சேவ் பண்ணி, ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்ததும் மெயில்கள் மளமளவென்று இறங்கின. (சில போன்களில் அந்த வரியைத் திருத்த விடாது. அதே விவரங்களோடு புது ஏபிஎன் ஒன்று உருவாக்கிக்கொள்ளலாம்.)

அடுத்த கூத்து, காபி குடித்து வருவதற்குள் 2 ஜிபி காலி! வீட்டு வைஃபை என்ற நினைப்பில் லேப்டாப் அப்டேட்டை இறக்கிக்கொண்டிருந்தது. விண்டோஸில் அந்த இணைப்புக்கு ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ (டேட்டா அளவோடுதான் இருக்கிறது என்று லேப்டாப்புக்குச் சொல்லும் செட்டிங்) ஆன் செய்தபிறகுதான் அடங்கியது.